கூறைச் சேலையில் ஒரு சிம்மீஸ்

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குப் பூட்டுக் கிடையாது. வீட்டில் இருந்ததே அப்பாவும் நானும்தான். இரண்டு பேருமே அதைத் திறக்கமாட்டோம், பிறகு பூட்டு எதற்கு? அதற்குள் என் அம்மாவின் கூறைச் சேலை இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயதாகியிருந்தபோது, அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், நான் அந்தப் பெட்டியைத் திறந்து, சேலையை எடுத்துப் பாயில் விரித்து, கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். உடம்பு தெரிகிற மாதிரி மெல்லிசான ஒரு கவுன் எனக்குக் கிடைத்திருந்தது. அதற்குள் போட்டுக்கொள்ளச் சிம்மீஸ் தைக்க வேண்டியிருந்தது.

இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம் ஒரு பக்கம். உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை என்பது இன்னொரு பக்கம். எது பெரிய பக்கம் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

எங்கள் ஜனங்களில் ஒரு பெண் தன் கூறையை மூன்று முறைதான் உடுத்துவாள். கல்யாணத்தன்று உடுத்துவாள். தலைச்சன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற அன்று உடுத்துவாள். அப்புறம் அவளைச் சவப்பெட்டியில் வைக்கும்போது மற்றவர்கள் உடுத்திவிடுவார்கள். நடுவில் வேறு எந்த விசேஷத்துக்கும் அதை எடுக்கக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தரம் நிழலில் காற்றாட விட்டு, வேப்பிலை போட்டு மடித்து வைப்பதோடு சரி. என் அம்மா இரண்டு முறை உடுத்தினாள். எனக்கு நாலு வயதாயிருந்தபோது ஊரில் பிளேக் வந்தது. ஊரைக் காலி பண்ணி ஜனங்களை வெளியே மூங்கில் தட்டி ஷெட்டுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கேதான் அம்மா இறந்துபோனாள். மூன்றாவது முறை உடுத்தாமலே போய்விட்டாள், சேலை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். அதற்கு மேல் அப்பா சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை.

அப்பா சர்க்கார் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். கொள்ளேகாலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மைசூருக்குப் படிக்க வந்து, படிப்பு பாதியில் நின்று, மருந்து கலக்கக் கற்றுக்கொண்டவர். மெலிந்த ஆள். கை மட்டும் அசையாது. ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான் விழும். அந்தக் காலத்தில் மிக்ஸர் என்கிற தண்ணீர் மருந்துப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டை ஒட்டித் தருவார்கள். ஒரு வேளை மருந்துக்கு ஒரு வெட்டு என்று பட்டையின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டியிருக்கும். அடுத்த நாளைக்கு வேண்டிய பட்டைகளை அப்பா சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து வெட்டுவார். நான் எதிரில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துத் தையல் வேலையைப் பார்ப்பேன். இரண்டு கத்தரிக்கோல் சத்தம்தான் எங்கள் வீட்டுப் பேச்சு.

சண்டை ஒன்றும் இல்லை. அப்பா என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. சோறு ஆகிவிட்டதா என்று கேட்பார், ஆகிவிட்டது என்பேன். மழை வரும் போலிருக்கிறது என்பார், ஆமாம் என்பேன். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் தினமும் மதில் மேலே தலையை நீட்டி, "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்பாள். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். "ஆய்த்து" என்பேன். தலை உள்ளே போய்விடும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுக்க நான் பேசியது அந்த ஒரு வார்த்தையாகத்தான் இருக்கும். நல்ல பெண், அடக்கமான பெண் என்று சபையில் எனக்குப் பேர். பேசுவதற்கு ஆள் இல்லாதவளை அடக்கமானவள் என்று சொல்லிவிடுவது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

நான் மிஷன் பெண் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். எங்கள் தலைமைத் துரைசானி தன் தேசத்துக்குத் திரும்பிப் போகிற வருஷம் அது. போவதற்குமுன் சாமான்களையெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்தார். ஒருத்திக்கு ஸ்டவ், ஒருத்திக்குக் குடை. எனக்கு ஒரு கவுன். வெள்ளை நிறத்தில் 'வாயில்' என்கிற சீமைத் துணி, கழுத்தைச் சுற்றிச் சன்னமான லேஸ், முதுகில் வரிசையாகப் பதினாலு பொத்தான். வெங்காயத்தின் உள்தோல் மாதிரி இருந்தது; விரல் விட்டுப் பார்த்தால் ரேகை தெரியும். தன்னுடைய பிரிவு உபசார ஆராதனையில் நான் தனியாக ஒரு கீர்த்தனை பாட வேண்டும், அப்போது இதைப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று சொன்னார். உள்ளே பட்டில் ஒரு சிம்மீஸ் போட்டுக்கொள், பருத்தி சரிவராது என்றும் சொன்னார்.

அது வரைக்கும் நான் போட்டதெல்லாம் தடிப்பான சீட்டிப் பாவாடை, கை நீண்ட ஜாக்கெட், நாலு ஊசி குத்திய சேலை. அந்தக் கவுனைத் தோளில் வைத்துப் பார்த்த அன்று எனக்கு வந்த ஆசையை மறைக்கப்போவதில்லை. யாராவது என்னைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை, கோயில் நிறைய ஜனம் இருக்கும்போது, நான் ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். கல்யாணம், மாப்பிள்ளை என்றெல்லாம் நினைக்கவில்லை. பார்த்தால் போதும் என்று இருந்தது.

முதலில் பருத்தியில்தான் முயற்சி பண்ணினேன், துரைசானி என்ன சொன்னால் என்ன என்று. பழைய மல் துணிப் பாவாடையை உள்ளே போட்டு வீட்டுக்குள்ளே நடந்து பார்த்தேன். பத்து அடி வைப்பதற்குள் கவுன் துணி பருத்தியில் ஒட்டிக்கொண்டு காலுக்கு நடுவே சுருண்டு முட்டிக்கு ஏறிவிட்டது. பட்டுதான் வழுக்கும். வழுக்கினால்தான் மேல்துணி விழுகிற மாதிரி விழும். பட்டுக்குப் பேர்போன ஊர் இது. சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் பட்டுப்புழுவுக்குத்தான் முசுக்கொட்டை பயிர் பண்ணுகிறது. ஆனால் பட்டுக்கடையில் விலை கேட்டுவிட்டு, அக்காவிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று இல்லாத அக்காவைச் சொல்லித் திரும்பி வந்தேன்.

வரும் வழியிலேயே பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. அப்படி ஒரு யோசனை வந்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். போட்டுக்கொள்ளவில்லை. பதினெட்டு வருஷமாக யாருக்கும் உதவாமல் கிடக்கிறது, உடுத்த வேண்டியவள் மண்ணுக்குள் போய்விட்டாள், இனி அது யாருக்கு என்று எனக்குள்ளேயே வக்கீல் வைத்து வாதாடினேன். அம்மா மேல் கோபமும் இருந்தது. முகம் கூட ஞாபகமில்லாத ஒருத்திக்காக ஒரு வீடு முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா என்ற கோபம். அடுத்த சனிக்கிழமை திறந்துவிட்டேன்.

சந்தன நிறப் பட்டு. ஒரு விரல்கடை ஜரிகைக் கரை. உடல் முழுக்க எள்ளுப்பூ அளவுக்குச் சின்னச் சின்ன ஜரிகைப் பொட்டு, ஒரு ஜாண் இடைவெளியில். வேப்பிலையெல்லாம் பொடியாகிக் கிடந்தது. முந்தானையை விரித்தபோது தோள் வருகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே மஞ்சளாக ஒரு கறை, உள்ளங்கை அளவு. என்ன கறை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. என் ஞானஸ்நானத்தன்று இந்தச் சேலையோடேயே அம்மா எனக்குப் பால் கொடுத்திருக்கிறாள். அந்தப் பக்கத்தைத் தொடாமல் மடித்து வைத்துவிட்டு, மற்றப் பாதியை வெட்டினேன். கத்தரிக்கோல் பட்டில் போகும்போது சத்தமே வராது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பட்டு பாயில் நிற்காது, நழுவிக்கொண்டே இருக்கும். அதனால் பழைய செய்தித்தாளைக் கீழே வைத்து, துணியையும் தாளையும் சேர்த்துக் குத்தி, இரண்டையும் ஒன்றாக வெட்டுவது வழக்கம். இழைக்கு நேராக வெட்டினால் உடம்பில் பலகை மாதிரி நிற்கும் என்று இழைக்குச் சாய்வாக, கிராஸாக வெட்டினேன். மேலே கவுன் கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு தையலும் வெளியே தெரியும். எனவே பிசிர் உள்ளே மறைகிற மாதிரி இரட்டைத் தையல், அதுவும் நெல்லின் அகலத்துக்கு மேல் போகாமல், கையாலேயே தைத்தேன். கரையைத் தனியாக வெட்டியெடுத்துவிட்டேன். ஜரிகைப் பொட்டுகளை என்ன செய்வது? நல்ல பக்கத்தை உள்ளே திருப்பி, மங்கலான பக்கம் வெளியே வருகிற மாதிரி தைத்தேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாலரையிலிருந்து அப்பா வருகிற ஆறு மணி வரை தைப்பேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையணை உறைக்குள் போய்விடும். தகரப் பெட்டிக்குள் மீதிச் சேலைக்கு அடியில் பழைய துப்பட்டி ஒன்றை மடித்து வைத்து, உயரம் குறையாமல் பார்த்துக்கொண்டேன். திருடனுக்கு வேண்டிய புத்தியெல்லாம் எனக்கும் இருந்தது.

உடம்பெல்லாம் தைத்து முடித்து ஓரம் மடிக்கிற கட்டத்துக்கு வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். தையலில் எல்லாவற்றையும் ஒருத்தி தனியாகச் செய்துகொள்ளலாம், தன் உடுப்புக்குத் தானே கீழ் ஓரம் பார்ப்பதைத் தவிர. போட்டுக்கொண்டு நேராக நிற்க வேண்டும்; இன்னொருத்தி தரையில் உட்கார்ந்து சுற்றிவரக் குண்டூசி குத்த வேண்டும். குனிந்தால் முன்பக்கம் இறங்கும், திரும்பினால் பின்பக்கம் ஏறும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை எத்தனை தரம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! "உங்கள் அம்மாவைக் குத்தச் சொல்லுங்கள்" என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். கதவு நிலையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதில் உரசிக்கொண்டே சுற்றி வந்து பார்த்தேன். நாற்காலியில் ஏறி நின்று பார்த்தேன். எங்கள் வீட்டில் இருந்தது முகம் பார்க்கிற கண்ணாடி, ஒரு ஜாண் அகலம். அதைத் தரையில் சாய்த்து வைத்தால் கணுக்கால் மட்டும் தெரிந்தது. மதில் மேல் தலை நீட்டுகிற அம்மாளைக் கூப்பிடலாமா என்று ஒரு தரம் கொல்லைப்பக்கம் வரைக்கும் போனேன். அன்றைக்கு அவள் ஊட்டா ஆய்த்தா என்று கேட்டாள், ஆய்த்து என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அன்று அழுதேன். ஒரு குண்டூசி குத்துவதற்கு இந்த உலகத்தில் எனக்கு ஒரு ஆள் இல்லையே என்று அழுதேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கிராஸாக வெட்டின துணியை இரண்டு நாளாவது முழு நீளத்துக்குத் தொங்கவிட வேண்டும். அதன் பாரத்துக்கு அது இறங்குகிற வரைக்கும் இறங்கி முடிந்த பிறகுதான் ஓரம் மடிக்கலாம். இதையும் நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். ஆனால் எங்கே தொங்கவிடுவது? ஆணியில் மாட்டினால் அப்பா கண்ணில் படும். சுவர் அலமாரிக்குள் மாட்டினேன். அது குட்டையான அலமாரி, துணியின் கீழ்ப்பாதி தட்டில் குவிந்து கிடந்தது. இறங்க வேண்டியது இறங்கவில்லை. நேரமும் இல்லை. கண்மதிப்புக்கு ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வழக்கம்போல் முன்னாலேயே கோயிலுக்குக் கிளம்பினார், விளக்கு ஏற்றி வைக்கிற வேலை அவருடையது. நான் பின்னால் கை வளைத்துப் பதினாலு பொத்தானையும் போட்டு முடிக்க அரைமணி ஆயிற்று. இருட்டான அறையில் குனிந்து பார்த்தபோது எல்லாம் வெள்ளையாக, ஒழுங்காக இருந்தது. உள்ளே திருப்பின ஜரிகைப் பொட்டுகள் தோலில் உரசிக்கொண்டே இருந்தன, நடக்க நடக்க அங்கங்கே சுருக்கென்றது. பரவாயில்லை என்று போனேன்.

கோயிலில் ஆண்கள் வலதுபக்கம், பெண்கள் இடதுபக்கம். பாடுகிறவர்கள் பீடத்துக்கு முன்னால் படியில் நின்று ஜனங்களைப் பார்த்துப் பாட வேண்டும். பீடத்துக்குப் பின்னால் கிழக்கே பெரிய ஜன்னல். காலை எட்டரை மணி வெயில். அந்த வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நான் நிற்கப்போகிறேன் என்பது, இத்தனை வருஷம் அதே கோயிலுக்குப் போயும், என் புத்தியில் படவில்லை.

முதல் சரணம் முடிந்தபோது முன்வரிசைப் பெண்கள் என் முகத்தைப் பார்க்காமல் கீழே பார்ப்பதைக் கவனித்தேன். நானும் குனிந்தேன். பின்வெளிச்சத்தில் கவுனே இல்லாத மாதிரி ஆகிவிட்டிருந்தது. உள்ளே சந்தன நிறம் பளிச்சென்று தெரிந்தது. அதில் ஒரு ஜாணுக்கு ஒன்றாகப் பொட்டுப் பொட்டாக ஜரிகை. அது கவுனிலேயே உள்ள பூவேலை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி, சீமைத் துணி சீமைத் துணிதான் என்று கூடச் சொன்னாள்.

ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். எழுந்து நடுப்பாதை வழியாக வெளியே நடந்துவிட்டார். ஆராதனை நடுவில் அவர் எழுந்து போய் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. எனக்கு இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தது. பாடினேன். எப்படிப் பாடினேன் என்று கேட்காதீர்கள்.

துரைசானி என்னைக் கட்டிக்கொண்டு, ரொம்ப அழகு என்றார். டீயும் கேக்கும் கொடுத்தார்கள். நான் ஒன்றையும் தொடாமல் வீட்டுக்கு வந்தேன். அப்பா வீட்டில் இல்லை. கவுனைக் கழற்றவில்லை. கழற்றி ஒளித்து வைத்தால் அது இன்னொரு தப்பு. எதற்கு ஆசைப்பட்டேனோ அது நடந்துவிட்டது. என்னைப் பார்க்க வேண்டும் என்றேன், ஒருத்தர் சரியாகப் பார்த்துவிட்டார். இனிமேல் அந்த இரண்டு கத்தரிக்கோல் சத்தம் கூட இந்த வீட்டில் இருக்காது என்று நினைத்தேன். பயமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் துணி கசங்கும் என்று, அந்த நிலைமையிலும், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தேன்.

இரண்டு மணிக்கு அப்பா வந்தார். செருப்பெல்லாம் செம்மண். ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டேன். ஷெட்டுப் போட்டிருந்த இடத்துக்கு என்றார். அங்கே இப்போது ராகி விதைத்திருக்கிறார்களாம். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று அடையாளம் தெரியவில்லை, வரப்பு மேல் நின்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன் என்றார். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, பதினெட்டு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னார்.

அம்மா போனது ஒரு விடியற்காலை. உடனே புதைத்தாக வேண்டும், அதுதான் உத்தரவு. வீட்டில் கூறை இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன், அது வரைக்கும் பொறுங்கள் என்று அப்பா கேட்டிருக்கிறார், புதைக்கிறவர்கள் சரி என்றிருக்கிறார்கள். ஆனால் ஊருக்குள் வீடுகளுக்கெல்லாம் சீல் வைத்து, உள்ளே வெயில் படட்டும் என்று கூரை ஓட்டைப் பிரித்துப் போட்டிருந்தது. உள்ளே நுழைய ஒரு சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவரைத் தேடி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடம் என்று ஓடியிருக்கிறார். சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அவர்களால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சுண்ணாம்பு போட்டு மூடியாகிவிட்டது.

"நான் சேலையெடுக்கப் போகாம அங்கயே நின்னிருந்தா, அவ மொகத்தெ ஒருக்காப் பாத்திருப்பேன் அம்மிணி," என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே மறுபடி பேசினார்.

"நான் போனா அதெ என்ற பெட்டியிலெ வெச்சிருன்னு உன்கிட்டச் சொல்லோணும்னு இருந்தேன். கொண்டுபோய் அவகிட்டக் குடுத்தர்லாம்னு. சொல்லோணும் சொல்லோணும்னே நாள் போச்சு. நாமதான் பேசிக்கறதே இல்லியே."

"பாதி இருக்குதுப்பா," என்றேன்.

"எந்தப் பாதி?"

"முந்தானைப் பக்கம். பால் கறை இருக்குதே, அந்தப் பக்கம்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கறை அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏதோ சிரிப்பு மாதிரி வந்து, பாதியில் வேறாகிவிட்டது. நான் அவரை அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "அது போதும் எனக்கு," என்றார்.

பக்கத்தில் போய் உட்காரவா, வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. பழக்கமில்லை. அப்படியே நின்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைச் சுருக்கி, பாட்டிலில் மருந்தின் மட்டம் பார்ப்பாரே, அந்தப் பார்வை. திரும்பு என்றார். திரும்பினேன்.

"பின்னாலெ எடது பக்கம் தொங்குது. யாரு குத்துனது?"

"யாரும் குத்தலெப்பா. நானேதான்."

அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. என் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். மருந்துப் பாட்டிலுக்கு வெட்டி வைத்திருந்த காகிதப் பட்டைகளில் ஒன்றை எடுத்து, அதில் ஒரு இடத்தில் புதிதாக ஒரு பல் வெட்டினார். பிறகு, ஐம்பது வயது ஆள், முட்டி போட்டுத் தரையில் உட்கார்ந்தார். கவுனின் ஓரத்தைத் தூக்கி என் கையில் பிடிக்கக் கொடுத்தார். பட்டையைத் தரையில் நேராக நிறுத்தி, பல் எங்கே வருகிறதோ அங்கே சிம்மீஸை மடித்து ஒரு ஊசி குத்தினார். ஒரு அங்குலம் நகர்ந்தார். மறுபடி பட்டை, மறுபடி ஊசி. அசையாதே என்று சொன்னார். நான் மூச்சுக்கூட விடவில்லை. சுற்றி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது, எனக்கு முடிந்துவிடக்கூடாது என்று இருந்தது. மதிலுக்கு மேலே தலை தெரிந்து, ஊட்டா ஆய்த்தா என்று கேட்டது. வாயில் இரண்டு குண்டூசியோடு அப்பாதான், இன்னும் இல்லை என்று கன்னடத்தில் பதில் சொன்னார்.

அதற்குப் பிறகு நாங்கள் பெரிய பேச்சுக்காரர்கள் ஆகிவிடவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பார், ஆமாம் என்பேன். ஆனால் சில சாயங்காலங்களில் பட்டை வெட்டுவதை நிறுத்திவிட்டு, உங்கம்மா இப்படித்தான் நூலைப் பல்லால் கடிப்பாள் என்கிற மாதிரி ஏதாவது ஒன்று சொல்வார். அந்த மாதிரி ஒரு இருபது முப்பது சேர்ந்தது. அவ்வளவுதான் என் அம்மா.

அப்பா பதினோரு வருஷம் கழித்துப் போனார். சவப்பெட்டி மூடுவதற்குமுன் அந்தப் பாதிச் சேலையை அவர் மார்பில் வைத்து, மேலே கையை மடித்து வைத்தேன். கறை உள்பக்கம் வருகிற மாதிரி வைத்தேன். பாதிரியார் அது என்ன என்று கேட்டார். அம்மாவுடையது, கொண்டுபோகிறார் என்றேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கென்று ஒரு கூறை வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளும் போய், அந்த வீட்டில் இப்போது இருக்கிறவர்கள் மதிலை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். இதையெல்லாம் சொல்லி வைத்துவிட்டுப் போக எனக்கு ஒரு பிள்ளை இல்லை. அதனால் அப்பா மாதிரி சொல்லோணும் சொல்லோணும் என்று நாளைக் கடத்தாமல், எழுதி வைத்துவிட்டேன். தகரப் பெட்டியில் சிம்மீஸ் இருக்கிறது. அதன் மேல் அந்தக் காகிதப் பட்டையும் ஒரு சீட்டும் சேர்த்துக் குத்தியிருக்கிறது. கடைசியில் என்னைக் குளிப்பாட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் படிக்கட்டும் என்று, தமிழில் ஒரு முறையும் கன்னடத்தில் ஒரு முறையும் எழுதியிருக்கிறேன்: இதை எனக்கு உள்ளே உடுத்தவும். ஓரம் சரியாக இருக்கிறது, மாற்ற வேண்டாம்.